பின் கண்ணாடியில் இருந்த எழுத்து

என் அக்கா என் செல்போன் ரிப்பேர்க் கடைக்கு வந்தால் முதலில் என் மேசையைப் பார்ப்பாள், அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பாள். மேசை சுத்தமாக இருந்தால் தம்பிக்கு வேலை வரவில்லையோ என்று கவலைப்படுவாள். குப்பையாகக் கிடந்தால் தம்பிக்குப் பொறுப்பு வரவில்லையே என்று கவலைப்படுவாள். அன்றைக்கு இரண்டையும் பார்க்கவில்லை. நேராக வந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்து, நான் வேலை செய்கிற ரப்பர் விரிப்பின் மேல் வைத்தாள்.

"இது அடிக்க மாட்டேங்குதுடா" என்றாள்.

போன் அடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், கொடுத்து வைத்தவர் என்று நான் கிண்டல் செய்வது வழக்கம். அக்காவிடம் அந்தக் கிண்டல் செல்லாது. மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், இரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்கிறார். இறந்துபோகிற யாரோ ஒருவருடைய கிட்னிக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருக்கிறது. முறை வந்தால் போன் செய்வார்கள். அரை மணிக்குள் எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்தப் போன்தான் என் மேசையில் கிடந்தது.

போன வாரம் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். போன் அக்கா கண் முன்னால், அடுப்பு மேடையில்தான் இருந்திருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, ஒரு வெளிச்சம் இல்லை. மறுநாள் காலையில்தான் நாலு அழைப்பும் வரிசையாக வந்து நின்றன. பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டதற்கு, அங்கே இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அம்மா, அக்கா 'கிட்னி மேடம்' என்று பதிந்து வைத்திருப்பவர், அடுத்தவருக்குப் போய்விட்டது, பரவாயில்லை, உங்கள் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறது என்று தன்மையாகச் சொன்னாராம். எது பரவாயில்லை என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த கோபம் போவதற்குத்தான் நேரமாகும்.

"ஒரு வாரம் ஆச்சு. இப்பத்தான் வர்றியா?"

மாமாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். அன்றைக்கு மாமா பன்னிரண்டு மணிக்கு மெஷினில் ஏறிவிட்டார், இறங்க நாலாகும். அந்த டயாலிசிஸ் இடம் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்ததல்ல. இரண்டு தெரு தாண்டி, ஒரு மாடியில் ஆறு நாற்காலி போட்டு நடத்துகிறார்கள். வழக்கமாக அக்கா அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மாமாதான் விரட்டியிருக்கிறார், மச்சானிடம் போய்க் காட்டிவிட்டு வா என்று. அவருக்கு என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை. பட்டியலில் பெயர் பதிந்த அன்றைக்குக்கூட வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்து, கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ விவரம் சொன்னார். நான் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு சார்ஜிங் பின்னைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சரி மாமா, சரி மாமா என்று தலையாட்டி அனுப்பினேன்.

போனைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். போனுக்குள் ஓடுகிற மென்பொருள், நாங்கள் ஃபர்ம்வேர் என்போம், பதினொரு மாதம் பழசு. அந்தப் பதிப்பில் திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் வருகிற அழைப்பு சில நேரம் அடிக்காது என்று ஊர்பட்ட பேர் புகார் எழுதியிருந்தார்கள். அடுத்த பதிப்பிலேயே அதைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு வந்துவிட்டன.

"அப்டேட் பண்ணவான்னு கேட்டிருக்குமே, நீ என்ன பண்ணுவ?"

"அப்புறம்னு அழுத்துவேன்."

"ஏன்?"

"அது இருபது நிமிஷம் ஆஃப் ஆகும்னு போட்டிருக்குடா. அந்த நேரம் பாத்து அவங்க கூப்பிட்டா?"

அழைப்பு தவறிவிடுமோ என்கிற பயத்தில் பதினொரு மாதம் அந்த இருபது நிமிஷத்தைக் கொடுக்காமல் காப்பாற்றி, கடைசியில் அதனாலேயே அழைப்பைத் தவறவிட்டிருக்கிறாள். திட்ட வாய் வந்தது. அவள் கழுத்தெலும்பு தெரிய நின்றதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிட்டு இதைப் பார்க்கலாமே என்று யாரும் நினைக்கலாம். போட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா இதை மாடிப்படியில் போட்டு உடைத்தபோது சிம் செருகுகிற இடம் நசுங்கிப்போனது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற ஈ-சிம்முக்கு மாற்றிவிடு, கழற்றுகிற வேலையே இல்லை என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். நம்பர் மாமா பெயரில் இருக்கிறது. வேறு போனுக்கு மாற்ற வேண்டுமென்றால் அவரே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ கையில் இரண்டு ஊசியோடு நாலு மணி வரைக்கும் அசைய முடியாது.

"இன்னைக்குப் பாத்தா கூப்பிடப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு அப்டேட்டை அழுத்தினேன்.

இறங்கியது, அணைந்தது, எழுந்தது, நிறுவ முடியவில்லை என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பதில். அப்படியே விட்டுவிட்டு நாலு மணிக்கு மேல் பார்த்திருக்கலாம். ஆனால் போன் என்னிடம் முடியாது என்று சொன்னால் எனக்கு அது அவமானம். கேபிளைச் செருகி, கம்ப்யூட்டர் வழியாக ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மணி பன்னிரண்டு ஐம்பது.

கம்ப்யூட்டர் வழியாக ஏற்றுவதற்கு மாடல் எண் மிகச் சரியாக வேண்டும். இதே போனை இரண்டு விதமான சிப் வைத்து விற்கிறார்கள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். எண்ணின் கடைசி எழுத்து மட்டும் ஒன்றில் பி, ஒன்றில் இ. போனைத் திருப்பினேன். பின் கண்ணாடியின் அடியில் பொடி எழுத்தில் பி என்று இருந்தது. பி-க்கான ஃபர்ம்வேர் ஃபைல் போன மாதமே யாருக்கோ இறக்கியது, கைவசம் இருந்தது. ஏற்றுகிற புரோகிராமில் 'மாடலைச் சரிபார்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் இருக்கும். நான் எப்போதும் அந்த டிக்கை எடுத்துவிடுவேன். உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு மாற்றிய போன்கள் வரும்போதெல்லாம் அது வீணாக வாதம் பண்ணும். என் தொழிலை எனக்கே சொல்லித்தர ஒரு கட்டம் எதற்கு?

பச்சைக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. முடிந்தது என்று வந்தது. போன் எழுந்தது. கம்பெனி லோகோ வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது.

ஐந்து தடவை வரைக்கும் நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன், முதல் தடவை எழும்போது கொஞ்சம் அடம்பிடிக்கும் என்று. பத்தாவது தடவையில் முதுகில் வேர்த்துவிட்டது. பட்டன்களை அழுத்தி அணைத்தேன், எழுப்பினேன், அதே ஃபைலை மறுபடி ஏற்றினேன். லோகோ வந்தது, போனது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம்."

அந்த நேரம் பார்த்து டெய்லர் போன் செய்தார். மூன்று கடை தள்ளி இருக்கிறவர். அவர் போன் டிஸ்பிளே மாற்ற என்னிடம் கிடக்கிறது. தன் போன் கையில் இல்லாததால் கண்ணில் படுகிறவர்களின் போனையெல்லாம் வாங்கி எனக்கு அடிப்பார். காலையிலிருந்து சலூன்காரர் போனில் ஒரு தடவை, மருந்துக்கடை லேண்ட்லைனில் இரண்டு தடவை, துணி தைக்கக் கொடுக்க வந்த யாரோ ஒரு பெண்மணியின் போனில் ஒரு தடவை. இப்போது அடித்தது ஜெராக்ஸ் கடையிலிருந்து. முடிந்துவிட்டதா தம்பி என்றார். நாலு மணி என்று சொன்னேனே, இன்னொரு தடவை அடித்தீர்களானால் பழைய கண்ணாடியையே ஒட்டிக் கொடுத்துவிடுவேன் என்று கத்திவிட்டு வைத்தேன்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "இந்த போன் வேலை செய்யலைன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடலாமாடா?"

நல்ல யோசனைதான். கிட்னி மேடத்தின் நம்பர் எங்கே என்றேன். அந்தப் போனுக்குள் இருக்கிறது. எழுதி வைத்தது ஆஸ்பத்திரி ஃபைலில், ஃபைல் மாமாவின் பையில், பை அவர் நாற்காலிக்குக் கீழே. ஆஸ்பத்திரியின் பொது நம்பரைத் தேடி என் போனிலிருந்து அடித்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று வேலை வாங்கிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிகிற வரைக்கும் பொறுமை எனக்கு ஏது? வைத்துவிட்டேன்.

"நான் ஓடிப்போய் ஃபைலை எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள்.

"நீ பஸ் நிறுத்தத்துக்குப் போறதுக்குள்ள போன் சரியாயிடும். உக்காரு."

அதை நான் சொன்ன தொனி அப்படி. சின்ன வயதிலிருந்து என் கோபத்துக்கு அடங்கிப்போய்ப் பழகியவள், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது என் போன் மறுபடி அடித்தது. ஏதோ லேண்ட்லைன் நம்பர். டெய்லர் இப்போது எந்தக் கடையில் நிற்கிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட் பண்ணினேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி. கட் பண்ணினேன். நான் ஏழாவது தடவையாக அந்த ஃபைலை ஏற்றிக்கொண்டிருந்தபோது மூன்றாவது தடவையும் வந்தது. இந்த ஆளுக்குச் சொன்னால் ஏறாது என்று கட் பண்ணி, சத்தத்தையும் நிறுத்தி, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் கடையில் நிம்மதியாக இருந்தது.

லோகோ வந்தது, போனது.

வேலை தெரிந்தவனுக்கு வருகிற பயம் வேலை தெரியாதவனுக்கு வராது. தெரியாதவன் எப்படியாவது சரியாகிவிடும் என்று இருப்பான். எனக்கு அடுத்து என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். சிக்னல் வாங்குகிற பகுதி போயிருந்தால் போர்டு செத்தது, போர்டு செத்தால் ஈ-சிம் செத்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடப்பாவி, அக்காவிடம் என்ன சொல்வாய், மாமா முகத்தில் எப்படி முழிப்பாய் என்று எனக்குள்ளேயே ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏமாத்துற போனா இருக்கே" என்று அக்கா அதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் பின்பக்கத்தைத் துடைத்தாள். "அன்னைக்குப் படியில விழுந்தப்பவே புதுசு வாங்கியிருக்கணும். நீதான் கண்ணாடிய மாத்திப் பளபளன்னு குடுத்துட்ட, எனக்கும் விட மனசு வரல."

நான் அவள் கையையே பார்த்தேன்.

அந்தப் பின் கண்ணாடியைப் போட்டது நான். புதுக் கண்ணாடி கிடைக்காமல், தண்ணீரில் விழுந்து செத்துப்போன வேறொரு போனிலிருந்து எடுத்து ஒட்டியது. பி என்ற எழுத்து அந்தச் செத்த போனுடையது. அக்காவின் போன் இ. செட்டிங்ஸில் அது எழுதியே இருந்தது. பதிப்பு எண்ணைப் பார்க்க நான் திறந்த அதே பக்கத்தில், அதற்கு நேர் மேல் வரியில் இருந்திருக்கும். அதையாவது பார்த்திருக்கலாம், டிக்கையாவது விட்டு வைத்திருக்கலாம்.

அவளிடம் எதையும் சொல்லாமல் இ-க்கான ஃபைலை இறக்கப் போட்டேன். நாற்பத்தைந்து நிமிஷம் காட்டியது. அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் நான் டெய்லரின் டிஸ்பிளேயை ஒட்டி முடித்தேன், மேசையைத் துடைத்தேன், திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்தேன். அக்கா அதிசயமாகப் பார்த்தாள்.

டிக்கை எடுக்காமல் ஏற்றினேன். லோகோ வந்தது. நின்றது. நிதானமாக முகப்புத் திரை வந்தது, அக்காவின் கதவோரப் பூந்தொட்டிப் படம். சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா என் தோளைத் தட்டி, நீ சரி பண்ணிடுவேன்னு எனக்குத் தெரியுண்டா என்றாள். மணி இரண்டு முப்பத்தைந்து.

உடனே ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் போன் அணைந்திருந்தபோது வந்த அழைப்புகள் என்று. கிட்னி மேடம், ஒன்று பதினெட்டு. கிட்னி மேடம், ஒன்று இருபது.

பெயருக்குக் கீழே நம்பர் இருந்தது. லேண்ட்லைன். கடைசி நாலு எண்களை இன்னொரு தடவை படித்தேன். அதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கவிழ்த்து வைத்த என் போனைப் பார்த்தேன். எடுக்கத் தைரியம் வரவில்லை.

அக்கா அதற்குள் அடித்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மறுமுனையில் எடுத்த குரல் உண்மையிலேயே தன்மையான குரல்தான்.

"உங்களுக்கு ரெண்டு நம்பருக்கும் பண்ணோம்மா. ஒண்ணு போகவே இல்ல. இன்னொண்ணு அடிச்சுது, ஆனா கட் பண்ணிட்டாங்க. மூணு தடவை."

"இன்னொண்ணா? எங்களுக்கு ஒரு நம்பர்தானே மேடம்?"

"ரெண்டாவதா ஒரு நம்பர் ஃபாரத்துல சார் எழுதியிருக்காரே, போன வாரம் நாங்க கவனிக்காம விட்டுட்டோம்" என்று அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். என் அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. நாலாவது எண்ணிலிருந்து அவளும் சேர்ந்து முணுமுணுத்தாள். முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு மாமா கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது. ரெண்டாவது நம்பரா உன்னோடத எழுதிட்டேன் மச்சான், உன் கையிலதான் எந்நேரமும் போன் இருக்கு என்று சொன்னார். நான் லென்ஸுக்குள்ளிருந்து சரி மாமா என்றேன்.

ஒன்று ஐம்பதுக்கு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அவர் வந்து சேர்ந்துவிட்டார், இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பொருந்துகிறதா என்று ஆறு மணிக்குள் தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் கண்டிப்பாக உங்களைத்தான் கூப்பிடுவோம், இரண்டு போனையும் ஆனிலேயே வையுங்கள் என்று சொல்லி வைத்தார்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் போனை எடுத்து நிமிர்த்தினாள். சத்தத்தை ஏற்றச் சொல்லி என்னிடம் நீட்டினாள். தன் போன் திரை அணைகிற வரைக்கும் காத்திருந்து, அதற்கு அடித்துப் பார்க்கச் சொன்னாள். அடித்தேன். கடை அதிர அடித்தது.

"போதும், வை. லைன்ல அவங்க வரப் போறாங்க" என்றாள்.

பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "அந்த அடுத்த ஆளோட வீட்டுலயும் யாராவது இப்படித்தான் போனையே பாத்துட்டு இருந்திருப்பாங்க, இல்ல?"

முகம் தெரியாத அந்த மனுஷனுக்கு அது பொருந்தவே கூடாது என்று அந்த நிமிஷம் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மூன்றரைக்கு அவள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பினாள். போனைக் கைப்பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். நானும் வருகிறேன், மாமாவிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"ரெண்டாவது நம்பர் விஷயத்த அவர்கிட்ட சொல்லாத" என்றாள் படியிறங்கியபடி. "உன்னை ரொம்ப நம்புறாரு. அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும்."

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போன் அடித்தது. ஓடிப்போய் முதல் மணி முடிவதற்குள் எடுத்தேன். டெய்லர். இந்தத் தடவை மருந்துக்கடையிலிருந்து. நாலு மணி ஆகப்போகிறதே தம்பி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுண்ணே. வந்து வாங்கிக்கங்க. இந்த நம்பருக்கு ஒரு போன் வரணும். இன்னைக்கு மட்டும் கூப்பிடாதீங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ, சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிட்டார்.

ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிக்கிற போன் அது. அக்காவைக் கூப்பிட்டாலும் அவள் உடனே எனக்குத்தான் அடிப்பாள் என்று, விரிப்பின் நடுவில் நிமிர்த்தி வைத்து, முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வரைக்கும் அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.